அக்டோபர் 2: கிராம சபையில் நமக்கு என்ன வேலை?



2024 அக்டோபர் 2, புதன்கிழமை, நம் நாரணாபுரம் ஊராட்சியில் கிராம சபை கூடும் நாள். அன்று தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளிலும் கூடுவதுதான். ஆண்டுதோறும் காந்தி ஜெயந்திக்கு நடப்பதுதான். ஆனாலும் இந்த முறை அதைப் பற்றித் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வென்றவர்கள் 2020 ஜனவரி 6 அன்று பதவியேற்றார்கள். அவர்களுடைய ஐந்தாண்டு 2025 ஜனவரி 5 வரை. அதற்குப் பிறகு நம் ஊர் ஊராட்சியாகவே இருக்குமா, சிவகாசி மாநகராட்சியோடு போய்ச் சேருமா, தேர்தல் உடனே வருமா, தள்ளிப் போகுமா என்று டீக்கடைகளில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. டீக்கடையில் பேசுவது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. கிராம சபையில் பேசுவது ஏறும்.

நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்திலும் ஒரு கிராம சபை உண்டு. ஆனால் 2024-ல் தீபாவளி அக்டோபர் 31. பட்டாசு ஊரில் தீபாவளிக்கு மறுநாள் கூட்டம் போட்டால் எத்தனை பேர் வருவார்கள் என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஆகவே அக்டோபர் 2-ஐத்தான் நம்ப வேண்டும்.

முதலில் நம் ஊரின் நிலைமையைப் புரிந்துகொள்வோம். சிவகாசி எங்கே முடிகிறது, நாரணாபுரம் எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரரிடம் கேட்டால் சொல்லத் தெரியாது. பட்டாசு ஆலை, தீப்பெட்டி, அச்சகம், அட்டைப்பெட்டி, கடை என்றுதான் நம் வீடுகளில் அடுப்பு எரிகிறது. வயல் வேலைக்குப் போகிறவர்கள் குறைவு. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை இப்படிப்பட்ட ஊர்களைக் 'கணக்கெடுப்பு நகரம்' என்று வகைப்படுத்துகிறது. குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையாத நெருக்கம், வேலை செய்யும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத தொழிலில் இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது கணக்கெடுப்பில் நகரம். நாரணாபுரம் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

ஆனால் கணக்கெடுப்பில் நகரமாக இருப்பது வேறு, சட்டத்தில் நகரமாக இருப்பது வேறு. சட்டப்படி நாம் சிவகாசி ஊராட்சி ஒன்றியத்தில் உள்ள ஒரு கிராம ஊராட்சி. குப்பை நகரத்தின் அளவுக்குச் சேருகிறது. அதை அள்ளும் தூய்மைக் காவலர்களின் எண்ணிக்கை கிராமத்துக்கு ஏற்ற கணக்கில் இருக்கிறது. வீடுகள் நெருக்கமாக எழும்புகின்றன. வாறுகால் பழைய அளவிலேயே கிடக்கிறது. சிவகாசியைச் சுற்றியுள்ள ஊராட்சிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான சங்கடம் இது. ஒரு தலைவரையோ ஓர் அலுவலரையோ குற்றம் சொல்லித் தீர்க்கக்கூடிய விஷயம் அல்ல.

நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு உதவி கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் அடிக்கடி காண்பது, எந்த வேலை எந்த அலுவலகத்தைச் சேர்ந்தது என்ற குழப்பம். பட்டா மாற்றத்துக்கு ஊராட்சித் தலைவரிடம் போய் நிற்கிறார்கள். தெருவிளக்குக்குத் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுக்கிறார்கள். இரண்டும் வீண் அலைச்சல். உள்தெருக்கள், வாறுகால், தெருவிளக்கு, குப்பை, குடிநீர் வினியோகம், வீட்டு வரி ஆகியவை ஊராட்சியின் வேலை. பட்டா, வாரிசுச் சான்று, வருமானச் சான்று எல்லாம் வருவாய்த் துறை. கிராம நிர்வாக அலுவலரும் வட்டாட்சியரும் பார்க்க வேண்டியவை. ரேஷன் அட்டைக்கு வட்ட வழங்கல் அலுவலர். சாய்ந்த மின்கம்பம் மின்வாரியத்தின் பொறுப்பு, அதில் எரியாத விளக்கு ஊராட்சியின் பொறுப்பு. பேருந்து ஓடும் பெரிய சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது. சில இணைப்புச் சாலைகள் ஊராட்சி ஒன்றியத்துக்குச் சொந்தம்.

தண்ணீர் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருவுக்குத் திறந்துவிடும் டேங்க் ஆபரேட்டர் ஊராட்சியின் ஆள். ஆனால் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் அந்தத் தொட்டிக்கு எத்தனை லிட்டர் வந்து சேருகிறது என்பது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் கையில். வராத தண்ணீரை அவர் எங்கிருந்து திறந்துவிடுவார்? கோடைதோறும் நம் சகோதரிகளிடம் ஏச்சு வாங்குகிறவர் அவர்தான். எனவே தண்ணீர் குறைவு என்று மனு எழுதும்போது, தொட்டிக்கே வரவில்லையா, வந்தது நம் தெருவுக்கு மட்டும் எட்டவில்லையா என்பதை முதலில் விசாரித்து எழுத வேண்டும். முதலாவது வாரியத்துக்குப் போக வேண்டிய கோரிக்கை. இரண்டாவது ஊராட்சியே குழாயைப் பார்த்துச் சரிசெய்யக்கூடியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் வட்டாரத்தில் குடியிருப்புகளுக்கு நடுவே அனுமதியில்லாமல் கருந்திரி சுற்றுவதும், பட்டாசை அடுக்கி வைப்பதும் எத்தனை உயிர்களைக் கொண்டுபோயிருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். வெடிபொருள் உரிமம் கொடுக்கவோ ரத்து செய்யவோ ஊராட்சிக்கு அதிகாரம் இல்லை. காவல் நிலையம், வருவாய்த் துறை, தீயணைப்பு நிலையம் ஆகியவற்றுக்குத்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் மனம் கோணுமே என்று வாயை மூடிக்கொண்டு இருப்பது, நம் பிள்ளைகள் தூங்கும் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதை மறந்துவிடுவதாகும். தனியாகச் சொல்ல அஞ்சுகிறவர்கள், குடியிருப்புப் பகுதியில் வெடிபொருள் வைப்பதைத் தடுக்க நடவடிக்கை தேவை என்று பொதுவாகக் கிராம சபையில் கோரலாம். யார் பெயரும் சொல்ல வேண்டியதில்லை.

சரி, கிராம சபை என்றால் என்ன? 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அதற்கு இடம் கொடுத்தன. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். அழைப்பிதழ் தேவையில்லை, கட்சி அட்டை தேவையில்லை, ஜமாஅத் கடிதமும் தேவையில்லை. சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் நம் சார்பில் ஒருவரை அனுப்புகிறோம். கிராம சபையில் நாமே உட்காருகிறோம். மாநகராட்சி மன்றத்தில் பார்வையாளராகப் போய் உட்காரலாம், எழுந்து பேச முடியாது. இங்கே பேசலாம்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. முன்பு நான்காக இருந்தது. தண்ணீர் தினமும் உள்ளாட்சிகள் தினமும் 2022-ல் சேர்ந்தன. பழைய அந்த நான்கு நாள்களையும் கவனியுங்கள். தொழில் நிறுவனங்களின் தேசிய, பண்டிகை விடுமுறை நாள்களுக்கான 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி அவை நான்கும் சம்பளத்துடன் கூடிய விடுமுறை. ஆலையிலும் அச்சகத்திலும் வேலை செய்கிறவர்கள் வரக்கூடிய நாள்கள் அவை. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும், அல்லது அன்றைய கூலியோடு வேறொரு நாள் சம்பள விடுமுறை தர வேண்டும். தீபாவளி சீசனில், பீஸ் ரேட்டில் கணக்குப் பார்த்து வாழும் குடும்பத்திடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் வீட்டுக்கு ஒருவராவது இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியும்.

கூட்டத்துக்குக் குறைவெண் உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கும் மேலென்றால் 300 பேர் வந்திருக்க வேண்டும். பெரிய ஊராட்சிகளில் 300 பேரைச் சேர்ப்பது எளிதல்ல. பல ஊர்களில் கையெழுத்துப் புத்தகம் வீடு வீடாகப் போவதாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். வராத கூட்டத்துக்குக் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். நாம் கேட்காத கணக்குக்கு நாம் சாட்சியாகிவிடக் கூடாது.

கூட்டத்தில் ஊராட்சியின் வரவு செலவு வாசிக்கப்பட வேண்டும். அதற்கென்று ஒரு பலகையோ தாளோ வைத்திருப்பார்கள். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவை ஊராட்சியின் சொந்த வருமானம். மாநில நிதி ஆணையத்தின் மானியமும் மத்திய நிதி ஆணையத்தின் மானியமும் மேலிருந்து வருகின்றன. 2021 முதல் 2026 மார்ச் வரைக்கான 15-ஆவது நிதி ஆணையத்தின் பணத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டும். மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கு ஏற்பச் செலவிடலாம். இதை ஏன் சொல்கிறோம் என்றால், 'நிதி இல்லை' என்ற பதில் வரும்போது எந்த நிதி இல்லை என்று மரியாதையாகக் கேட்கத் தெரிய வேண்டும். வாறுகால் அடைப்புக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் ஒரு பை தனியாகவே இருக்கிறது.

பயனாளிகள் பட்டியலும் அங்கேதான் வாசிக்கப்படும். குடிசையில் இருப்பவர்களுக்கு 3.5 லட்சம் ரூபாயில் கான்கிரீட் வீடு கட்டித்தரும் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம் 2024-ல் தொடங்கியது. ஊரகப் பகுதிக்கு மட்டுமான திட்டம் அது. ஜகாத் பணத்தில் ஒரு விதவைச் சகோதரியின் கூரையை மாற்றித் தர நாம் எத்தனை மாதம் வசூலிக்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள். தகுதியிருந்தும் அவர் பெயர் பட்டியலில் இல்லையென்றால், அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல ஒருவர் வேண்டாமா?

அக்டோபர் 2-க்கு மற்றொரு சிறப்பு உண்டு. அடுத்த நிதியாண்டில் ஊராட்சி என்னென்ன வேலைகளை எடுக்க வேண்டும் என்ற வளர்ச்சித் திட்டத்தை மக்களிடம் கேட்டுத் தயாரிக்கும் இயக்கம் நாடு முழுவதும் ஒவ்வோர் ஆண்டும் அன்றுதான் தொடங்குகிறது. மார்ச்சில் போய் 'எங்கள் தெருவுக்கு ஏன் சாலை இல்லை' என்று கேட்பதைவிட, அக்டோபரில் 'எங்கள் தெருவைத் திட்டத்தில் எழுதுங்கள்' என்று கேட்பது பலனுள்ளது.

எழுதுங்கள் என்று சொன்னோம். எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. எழுந்து நின்று உணர்ச்சியோடு பேசிவிட்டு உட்கார்ந்தால், கைதட்டல் கிடைக்கும். பதிவேட்டில் ஒன்றும் இருக்காது. மனுவை இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போக வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்க வேண்டும். தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கூட்டம் முடியும்போது தீர்மானங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, நம்முடையது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்துவர வேண்டும். மனுவும் நீளமாக இருக்கக் கூடாது. 'மழைக்காலத்தில் எங்கள் தெரு நாறுகிறது' என்று இரண்டு பக்கம் எழுதுவதைவிட, 'இன்ன தெருவில், இன்ன வீட்டு எண் முதல் இன்ன வீட்டு எண் வரை வாறுகால் மூடி உடைந்திருக்கிறது. இத்தனை வீடுகள் பாதிக்கப்படுகின்றன' என்று நான்கு வரி போதும். தெருவிளக்குக்குக் கம்பத்தின் எண்ணைக் குறிப்பிடுங்கள்.

தீர்மானம் போட்டால் மறுநாள் வேலை நடந்துவிடும் என்று யாரும் நம்பிக்கொண்டு போக வேண்டாம். பிற துறைகளைக் கிராம சபை கட்டளையிட முடியாது, கோரத்தான் முடியும். ஆனால் பதிவான தீர்மானம் ஒரு பிடிமானம். அதன் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போகலாம். ஒன்றியத்தில் இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருப்பார்கள். கிராம ஊராட்சிகளுக்கென்று உள்ளவரைப் பார்க்க வேண்டும். அங்கேயும் நகரவில்லையென்றால் விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனுவும் இருக்கிறது. 30 நாளில் பதில் தர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், உரிய அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை.

மனு எழுதுவதில் எங்களுக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. 'முஸ்லிம் தெருவுக்கு' என்று எழுதாதீர்கள். வாறுகால் தண்ணீர் யார் வீடு என்று பார்த்து ஓடுவதில்லை. அந்தத் தெருவில் குடியிருக்கும் எல்லாக் குடும்பங்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். பத்துக் குடும்பம் நம்முடையது, இருபது குடும்பம் மற்றவர்களுடையது என்றால், அவர்களில் ஒருவரே எழுந்து பேசட்டும். நாம் பக்கத்தில் நிற்போம். கிராம சபையில் ஒரு சமூகமாகப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவதில் எந்தப் பயனும் இல்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு மின்விசிறி வாங்கக்கூட மஷூரா செய்கிறோம். மஷூராவின் அருமை தெரிந்த நமக்கு ஊரோடு கூடி ஆலோசிப்பது புதிய பாடமல்ல.

இப்போது சகோதரிகளுக்கு. உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று இருந்த ஒதுக்கீட்டை 2016-ல் தமிழ்நாடு சரிபாதியாக்கியது. அப்படியிருந்தும் கிராம சபையில் நம் வீட்டுப் பெண்களைக் காண்பது அரிது. குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, எந்த நாளில் கலங்கலாக வருகிறது என்பது ஆண்களுக்குத் தெரியுமா? குடம் பிடிப்பவர்களுக்குத்தானே தெரியும். நான்கைந்து பேராகச் சேர்ந்து, தனியாக ஒரு பக்கம் அமர்ந்து, கண்ணியமாகப் பேசிவிட்டு வருவதற்குத் தடை ஒன்றுமில்லை. ஆண்கள் துணைக்கு வரட்டும். பேச்சைப் பறித்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் ஒரு தடை வேறிடத்தில் இருக்கிறது. திருமணமாகி நாரணாபுரத்துக்கு வந்த மருமகள்களில் எத்தனையோ பேருக்கு ஓட்டு இன்னும் தாய் வீட்டு ஊரிலேயே இருக்கிறது. இங்கே பத்து ஆண்டு குடியிருந்தாலும், இந்த ஊராட்சியின் பட்டியலில் பெயர் இல்லாதவர் இந்தக் கிராம சபையின் உறுப்பினர் அல்ல. படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்ற வேண்டும். புதிதாகச் சேர்வதற்குப் படிவம் 6. மவ்த்தானவர்களின் பெயரை நீக்கப் படிவம் 7. முன்பு ஜனவரி 1 அன்று 18 வயது நிறைந்திருந்தால்தான் பெயர் சேர்க்க முடியும். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள்களும் தகுதி நாள்களே. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகள் கவனிக்க வேண்டும்.

இந்த உரிமையை நாம் எளிதாக எடுத்துக்கொள்கிறோம். வரலாறு அப்படி எளிதாக இருந்ததில்லை. ஒரு காலத்தில் வரி கட்டியவருக்குத்தான் நகராட்சித் தேர்தலில் ஓட்டு. பக்கத்து மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால், 1996 முதல் 2006 வரை பத்தாண்டுகள் அங்கே முறையாகத் தலைவர் அமர முடியவில்லை. மேலவளவில் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும் உடனிருந்த ஆறு பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கொரோனாவால் நின்றுபோயிருந்த கிராம சபைகள் 2021 அக்டோபர் 2 அன்று மீண்டும் கூடியபோது, முதலமைச்சர் போய்க் கலந்துகொண்டது அந்தப் பாப்பாபட்டியில்தான். ஒரு நாற்காலிக்காக மனிதர்கள் உயிரைக் கொடுத்த மாநிலத்தில், விரித்துப் போட்ட நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன.

நம் மாவட்டத்துக் காமராசரையும் இங்கே நினைக்கலாம். 1941-ல் சிறையில் இருந்தபோதே அவரை விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி வந்ததும் அந்தப் பதவியை விட்டு விலகினார். முழுமையாகப் பார்க்க முடியாத வேலையை வைத்துக்கொண்டிருப்பது அவர் வழக்கமல்ல. அடுத்த தேர்தலில் வார்டுக்கு நிற்க ஆசைப்படும் நம் இளைஞர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

ஜனவரி 5-க்குப் பிறகு என்ன ஆகும்? ஐந்தாண்டு முடியும் முன்பே அடுத்த தேர்தல் நடக்க வேண்டும் என்பது அரசியல் சட்டம். ஆனால் 2016-ல் என்ன நடந்தது? அக்டோபரில் நடக்க இருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதமே பதவிக்காலம் முடிந்தது. அதிலிருந்து 2020 ஜனவரி வரை, மூன்று ஆண்டுகளுக்கு மேலாக, ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லை என்பதால் மத்திய நிதி ஆணைய மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது. தனி அலுவலர் கெட்டவர் என்று சொல்லவில்லை. பல ஊராட்சிகளை ஒரே அலுவலர் பார்க்கும்போது, நம் தெருமுனையில் எரியாத விளக்கு அவர் கண்ணில் எப்படிப் படும்? வார்டு உறுப்பினர் என்றால் நாம் இரவில் கதவைத் தட்டலாம். அந்தக் காலம் மறுபடி வருமானால், கிராம சபை ஒன்றுதான் நமக்கு மிஞ்சும். அதுவும் இப்போது பதிவாகும் தீர்மானங்கள்தான் அவர் கையில் கிடைக்கும் கோப்பு.

மாநகராட்சி விஷயத்துக்கு வருவோம். சிவகாசி, திருத்தங்கல் நகராட்சிகளை இணைத்து 2021 அக்டோபரில் சிவகாசி மாநகராட்சி உருவானது. 48 வார்டுகள், முதல் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்று நடந்தது. சுற்றியுள்ள ஊராட்சிகளைச் சேர்ப்பது பற்றிய பேச்சு அப்போதிருந்தே இருக்கிறது. சேருவது நல்லதா, கெட்டதா என்று எங்களிடம் கேட்கிறார்கள். ஒரே வரியில் பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள் என்றுதான் சொல்வோம்.

சேர்ந்தால் கிடைக்கக்கூடியவை பெரியவை. பாதாளச் சாக்கடை, குப்பை வண்டி, பொறியாளர், சுகாதார அலுவலர் என்று ஓர் ஊராட்சி கனவு காண முடியாத ஆள்பலம் மாநகராட்சிக்கு உண்டு. நகரமாகவே வாழும் நமக்கு அது தேவைதான். இழப்பவையும் உண்டு. ஊரக வேலை உறுதித் திட்டம் ஊரகப் பகுதிக்கு மட்டும் உரியது. வயதான தாய்மார்களுக்கு அது கைச்செலவுக்கான ஒரே வழி. கனவு இல்லம் போன்ற ஊரகத் திட்டங்களும் போய்விடும். வரி கூடும். 2022-ல் சென்னை அல்லாத நகர்ப்புறங்களில் வீடுகளுக்குச் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது, 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்ந்தது. கிராம சபையும் இருக்காது. அதற்குப் பதில் வார்டுக் குழுவும் பகுதி சபையும் உண்டு. அவை 2022-ல்தான் நடைமுறைக்கு வந்தன, மக்களிடம் இன்னும் வேர் பிடிக்கவில்லை. எங்கள் கருத்தைக் கேட்டால், வரி கூடுவதைக் காட்டிலும் பேசும் இடம் சுருங்குவதே பெரிய இழப்பு. வசதி வந்தால் வரியைக் கொடுத்துவிடலாம். சேர்ப்பதை ஆதரிக்கிறவரும் எதிர்க்கிறவரும் தங்கள் கருத்தையும் அதற்கான நிபந்தனையையும் தீர்மானமாகப் பதிவு செய்ய அக்டோபர் 2 ஒரு வாய்ப்பு. 'சேர்த்தால் முதலில் வாறுகாலும் குடிநீரும், பிறகு வரி உயர்வு' என்று எழுதி வைப்பதும் ஒரு கருத்துதான்.

நமக்கென்று சிறப்பாக உள்ள ஒன்றிரண்டைச் சொல்லிவிடுகிறோம். மையவாடிக்குப் போகும் பாதை, அங்கே ஒரு விளக்கு, மய்யித்தை அடக்கியபின் கை கால் கழுவ ஒரு குழாய் ஆகியவை ஊராட்சியிடம் தயங்காமல் கேட்கக்கூடியவை. எல்லாச் சமூகத்தாரின் மயானங்களுக்கும் கேட்கப்படுபவைதான். 1999-ஆம் ஆண்டு விதிகளின்படி, உரிமம் பெற்ற இடத்தைத் தவிர, குடியிருப்புக்கோ குடிநீர் ஆதாரத்துக்கோ 90 மீட்டருக்குள் அடக்கம் செய்யக் கூடாது. ஊர் நெருங்கி வரும் இந்நாளில், எந்த ஜமாஅத்தும் தன் மையவாடியின் பழைய ஆவணங்களையும் உரிமத்தையும் எடுத்துச் சரிபார்த்து வைப்பது நல்லது. பக்கத்து மனையில் வீடு எழும்பிய பிறகு தேடுவது கஷ்டம்.

அடக்கம் அன்றே முடிந்துவிடுவதால் நம்மவர்கள் இறப்புப் பதிவை மறந்துவிடுகிறார்கள். வீட்டில் மவ்த்தானால் 21 நாளுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிய வேண்டும், கட்டணமில்லை. தாமதித்தால் வாரிசுச் சான்றுக்கும் விதவை உதவித்தொகைக்கும் அலைய நேரிடும். பிறப்புப் பதிவு அதைவிட முக்கியமாகிவிட்டது. 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டு வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆவணம். பெயர் எழுதாத சான்றிதழை அப்படியே பெட்டியில் வைக்காதீர்கள். ஓராண்டுக்குள் இலவசமாகப் பெயர் சேர்க்கலாம். எழுத்துப்பிழை இல்லாமல், தாய் தந்தை பெயர்கள் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று வாங்கும் இடத்திலேயே வாசித்துப் பாருங்கள்.

இன்ஷா அல்லாஹ், 2024 செப்டம்பர் 20, 27 ஆகிய இரு வெள்ளிக்கிழமைகளிலும் ஜும்ஆவுக்குப் பிறகு அஸர் வரை நம் அறக்கட்டளை அலுவலகத்தில் மனு எழுத உதவுவோம். சகோதரிகளுக்கு மக்தப் அறையில் தனியாக ஏற்பாடு உண்டு. வாக்காளர் அட்டை, கடைசியாகக் கட்டிய வீட்டு வரி ரசீது, தெருவிளக்குப் பிரச்சினை என்றால் கம்பத்தின் எண், வாறுகால் என்றால் கைபேசியில் எடுத்த ஒரு படம் கொண்டு வாருங்கள். கூட்டத்தின் இடமும் நேரமும் ஏழு நாள் முன்னதாக அறிவிக்கப்பட வேண்டும். தெரிந்தவுடன் பள்ளிவாசல் பலகையில் எழுதிவிடுகிறோம். வெள்ளைத்தாளும் கார்பன் தாளும் அலுவலகத்திலேயே இருக்கும்.